அளவெடுக்க நாலு பேரைக் கூப்பிட்டவர்

மேடையில் வீற்றிருக்கும் பள்ளிக் குழுவின் தலைவர் அவர்களே, இந்த நடனப் பள்ளியைத் தொடங்கி இன்று வரை தாங்கி நிற்கும் எங்கள் பெரிய டீச்சர் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் மறைந்த அம்மையாரின் வீட்டுக்காரர் அவர்களே, அவர்களுடைய மகளே, சக ஆசிரியர்களே, பெற்றோர்களே, இவர்கள் எல்லோருக்கும் முன்னால் நான் கூப்பிட்டிருக்க வேண்டிய, தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் என் பிள்ளைகளே! எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு யார் மைக் கொடுத்தது என்று தெரியவில்லை. முப்பத்தோரு வருடமாக இந்தப் பள்ளியில் தாளம் சொல்லிக் கொடுக்கிறேன். என் தொண்டை எப்படிப்பட்டது என்று தெருவுக்கே தெரியும். பிள்ளைகள் எனக்கு 'இடி சார்' என்று பெயர் வைத்திருப்பதும் எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன், அவ்வளவுதான். இன்றைக்கு அந்த இடிக்குச் சத்தம் வரவில்லை. ஆகவே மைக் இருக்கட்டும்.

இந்தப் படத்தைப் பாருங்கள். இந்தப் பள்ளிக்குள், கழுத்தில் அளவெடுக்கும் டேப் இல்லாமல் அவரை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அடையாள அட்டைக்காக எடுத்த படமாம். போட்டோக்காரர் டேப்பைக் கழற்றச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் முகத்தில் அந்த எரிச்சல். டேப்பம்மா! பிள்ளைகள் வைத்த பெயர் அது. பெற்றோருக்கும் டேப்பம்மா, எங்களுக்கும் டேப்பம்மா. அவருடைய வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சற்று முன் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்: "வீட்ல ஏதாவது தப்பு பண்ணிட்டா மட்டும் நானும் டேப்பம்மான்னு கூப்பிடுவேன் சார். உடனே சிரிச்சிடுவா. திட்ட வந்ததை மறந்துடுவா." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பத்தொன்பது வருடம் இந்தப் பள்ளியின் உடையறைப் பொறுப்பாளராக இருந்தார். இங்கிருந்து மேடை ஏறிய எந்தப் பிள்ளையின் உடையிலும் அவர் கை படாத தையல் கிடையாது. இதைச் சொல்லிவிட்டு நான் கீழே இறங்கினால் அது ஒரு நல்ல இரங்கல் உரை ஆகிவிடும். ஆனால் அவருக்கு இன்னொரு பதவியும் இருந்தது. அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். அதைப் பேச எனக்கு யோக்கியதை உண்டா? கேட்டு முடித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் ஓர் உத்தரவு வந்தது. பிள்ளைகள் படிக்கிற ஒவ்வொரு இடத்திலும் குழந்தைப் பாதுகாப்புக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், அவருடைய படத்தையும் எண்ணையும் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்ட வேண்டும் என்றார்கள். குழுக் கூட்டத்தில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாருக்கு வேண்டும் இந்த வேலை? அந்த நேரம் பார்த்து, "ஹூக் தீர்ந்து போச்சு, வாங்கணும்" என்று சொல்ல டேப்பம்மா உள்ளே வந்தார். மாட்டிக்கொண்டார்!

"இவங்க பேரைப் போட்டுடலாமே" என்றார் அப்போதைய தலைவர்.

"என்ன வேலை சார்?"

"வேலையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. உங்க போட்டோவை செவுத்துல ஒட்டுவோம். அவ்வளவுதான்."

"போட்டோவை ஒட்டிட்டா பிள்ளைங்க வந்து சொல்லிடுமா?" என்று கேட்டார் டேப்பம்மா. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் உரக்கவே சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஹூக் வாங்க ஆள் அனுப்பச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போட்டோ ஒட்டினோம். அது இன்றைக்கும் வராந்தாவில், தண்ணீர் குடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் கீழே சுவரில் ஒரு போன் இருக்கிறது. பிள்ளைகள் வீட்டுக்குப் பேச வைத்த போன். "வகுப்பு முடிஞ்சிடுச்சு, கூட்டிட்டுப் போங்க" என்று அம்மாவிடம் சொல்வதற்கு. அந்தப் போனைத்தான் டேப்பம்மா தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டார். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளையிடமும், முதல் அளவு எடுக்கும்போதே, காதோரம் ஒன்று சொல்வாராம். "மனசுக்கு ஒரு மாதிரி இருந்தா இந்த போன்லேர்ந்து என் நம்பருக்கு ஒரே ஒரு ரிங் குடு. வச்சிடு. பேச வேணாம். நான் வந்துடுவேன்." இதுதான் அவர் சொன்னது. பதினான்கு வருடம் இது எனக்குத் தெரியாது. இந்த மேடையில் இருக்கும் யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது!

எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. நல்ல வேகத்தில் வகுப்பு போய்க்கொண்டிருக்கும். இருபது பிள்ளைகளின் கால்கள் ஒன்றாக விழும் அந்தச் சமயம் பார்த்து வாசலில் வந்து நிற்பார். கழுத்தில் டேப், காதிடுக்கில் சாக்பீஸ்.

"சார், அளவு எடுக்கணும். நாலு பேர் வேணும்."

"போன வாரம்தானேம்மா எடுத்தீங்க? ஒரு வாரத்துல வளர்றதுக்கு பிள்ளை என்ன பூசணிக்காயா?"

"வளரும் சார். நீங்க போடற சத்தத்துல சுருங்கினாலும் சுருங்கும். ரெண்டையும் பார்க்கணும்ல?"

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். நான் தாளம் போடும் கட்டையைத் தூக்கி ஓரமாக வீசுவேன். அவர் அதைக் கண்டுகொள்ளாமல், "நீ வா, நீ வா, அந்தக் கடைசில நிக்கிறியே நீ, அப்புறம் நீ" என்று நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். பெரிய டீச்சரிடம் எத்தனை தடவை புகார் சொல்லியிருப்பேன்! "ஒண்ணு அவங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றுகூடச் சொன்னேன். பெரிய டீச்சர் என்னைப் பார்த்து, "ரெண்டு பேரும் இருங்க, போய் வகுப்பை எடுங்க" என்பார்.

அந்த நாலு பேரில் ஒருவர்தான் ரிங் கொடுத்த பிள்ளை. மற்ற மூவரும் துணைக்கு. அந்த ஒருவர் யார் என்று மற்ற பிள்ளைகளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது, வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கும் தெரியாது. உடையறையில் நாலு பேருக்கும் ஒரே மாதிரி அளவு எடுப்பார். கதவு திறந்தே இருக்கும். பாதித் திரை மட்டும் போட்டிருக்கும். பிள்ளைக்குப் பின்னால் நின்றுகொண்டு தோளுக்குத் தோள் டேப்பை வைப்பார். முன்னால் நின்று கேட்டால் பிள்ளை நம் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பின்னால் நின்றால் சுவரைப் பார்த்துச் சொல்லலாம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அந்தத் தோளை அளப்பார். பிள்ளை ஒன்றுமே சொல்லாவிட்டாலும் அளப்பார். "சரி, அடுத்த வாரம் கையளவு எடுக்கணும், வா" என்று அனுப்பிவிடுவார்.

இதையெல்லாம் நான் எப்போது தெரிந்துகொண்டேன்? அவர் சாவதற்கு ஒரு நாள் முன்னால்.

அதற்கு முன் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்ல வேண்டாம் என்று காலையில் என் மனைவி சொன்னாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால், கோடைப் பயிற்சிக்கு ஒரு பெரிய கலைஞர் வந்தார். பெயர் வேண்டாம். பயிற்சி தொடங்கி நாலாம் நாள் டேப்பம்மா குழு அறைக்குள் நேராக வந்து, "அவர் நாளைக்கு இங்க வரக்கூடாது" என்றார். என்ன நடந்தது, எந்தப் பிள்ளை, யார் பார்த்தது என்று ஆளாளுக்குக் கேட்டோம். "சொல்ல வேண்டிய இடத்துல சொல்லியாச்சு. பிள்ளையோட அம்மாகிட்ட சொல்லியாச்சு. பாதுகாப்பு அதிகாரிகிட்ட எழுதிக் குடுத்தாச்சு. உங்ககிட்ட பிள்ளை பேரைச் சொல்ல மாட்டேன்" என்றார்.

நான் எழுந்தேன். வேறு யார் எழுவார்கள்? "பேரும் சொல்லாம ஒரு மனுஷன் மேல பழி போடுவீங்களா? அவர் எவ்வளவு பெரிய ஆளு தெரியுமா?" என்று கத்தினேன்.

"பெரிய ஆளுதான் சார்" என்றார். "பிள்ளை சின்னதா இருக்கே."

வாக்கெடுப்பில் டேப்பம்மாவுக்கு எதிராகக் கை தூக்கினேன் நான். இதோ, இந்தக் கை. தூக்கியவர்களில் இன்னும் மூன்று பேர் இந்த அறையில் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும். பெரிய டீச்சர் ஒருவர்தான் டேப்பம்மா பக்கம் நின்றார். பள்ளி அவருடையது என்பதால் அந்தப் பெரிய ஆள் மறுநாள் வரவில்லை. பிறகு விசாரணை நடந்தது, தண்டனை வந்தது, டேப்பம்மா சொன்னது அத்தனையும் உண்மை என்று ஆனது. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. அடுத்த சனிக்கிழமை நாலு பேரைக் கேட்டு அவர் வந்தபோது கத்தாமல் அனுப்பி வைத்தேன். அதையே மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு அடுத்த சனிக்கிழமை மறுபடியும் கத்தினேன்.

அவர் சாவதற்கு முந்தின நாளுக்கு வருகிறேன். மூச்சுத்திணறல் என்று அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பார்க்கப் போனேன். மூக்கில் குழாய். என்னைப் பார்த்ததும் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தார். பச்சை உறை போட்ட போன். "இதை உங்ககிட்ட குடுக்கச் சொல்லி இவர்கிட்ட சொல்லியிருக்கேன்" என்று வீட்டுக்காரரைக் காட்டினார். பிறகு விட்டு விட்டு, மூச்சு வாங்கி வாங்கி, எல்லாவற்றையும் சொன்னார். ஒரு ரிங். எடுக்கக் கூடாது. நாலு பேர். பின்னால் நின்று அளவு. பதினான்கு வருடம் நான் சண்டை போட்டது எதற்காக என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஏம்மா எங்கிட்ட குடுக்கறீங்க? நான் உங்களுக்கு எதிரா கை தூக்கினவன்."

"பிள்ளைங்க காலை நாள் பூரா பார்க்கிற ஆள் நீங்கதான் சார்."

"காலைப் பார்த்து என்ன பண்றது? எந்த நாலு பேரைக் கூப்பிடறது?"

"முகத்தைப் பார்க்காதீங்க. எது நடந்தாலும் சிரிச்ச முகமா நிக்கணும்னு நாமதானே பழக்கி வச்சிருக்கோம். நம்ம பிள்ளைங்க முகத்துல ஒண்ணும் தெரியாது. காலைப் பாருங்க. கால் சொல்லிடும்."

"முப்பத்தோரு வருஷமா அதைத்தானேம்மா பார்க்கறேன்!"

"நீங்க தாளத்தைப் பார்க்கறீங்க சார். காலைப் பார்க்கல."

அதற்குள் நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னார். டேப்பம்மா கையை ஆட்டி, "நாளைக்கு வாங்க, எப்படிப் பார்க்கணும்னு சொல்றேன்" என்றார். மறுநாள் போனேன். எழுதிக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு போனேன். கட்டிலில் அவர் இல்லை. விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நோட்டுப் புத்தகம் என் பையில் இருக்கிறது. அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

அவர் போன பிறகு வந்த முதல் சனிக்கிழமை பள்ளிக்கு விடுமுறை விட்டோம். இரண்டாவது சனிக்கிழமை, நாலே கால் மணிக்கு, தண்ணீர் குடிக்க விடும் நேரத்தில், என் சட்டைப் பையில் பச்சை போன் அடித்தது. திரையில் 'வராந்தா' என்று இருந்தது. எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார் அல்லவா? எடுத்துவிட்டேன். நாற்பது வருடப் பழக்கம், அடித்தால் எடுப்பதுதானே போன்? எடுத்தது மட்டுமா? இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு, "ஹலோ! யாரு?" என்றேன். மறுமுனையில் ஒரு மூச்சுச் சத்தம். பிறகு போன் வைக்கப்பட்டது.

அன்பர்களே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டேப்பம்மா இறந்துவிட்டார் என்று பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லியிருந்தோம். தெரிந்தும் ஒரு பிள்ளை அந்த எண்ணுக்கு அடித்திருக்கிறது. இல்லாமல் போனவரைக் கூப்பிடுகிறது என்றால், உயிரோடு இருக்கிற நாம் அத்தனை பேரும் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனோம்? அம்மா இருக்கிறார், அப்பா இருக்கிறார், ஆறு ஆசிரியர்கள் இருக்கிறோம், குழு இருக்கிறது, தலைவர் இருக்கிறார். அந்தப் பிள்ளைக்கு யாருமே தோன்றவில்லையே!

மூன்றாவது சனிக்கிழமை மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வராந்தாவுக்கு நடந்தேன். பதினேழு பிள்ளைகள் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றன. முப்பத்துநாலு கால்கள். பார்த்தேன். யாருக்குக் குதிகால் சரியாக ஊன்றவில்லை, யார் சோம்பேறி, யார் வீட்டில் பயிற்சி செய்வதில்லை என்று எல்லாம் தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. குருட்டாம்போக்கில் நாலு பேரைக் கைகாட்டினேன். "அளவு எடுக்கணும், வாங்க" என்றேன். "சார், நீங்களா?" என்று ஒரு பிள்ளை பயந்தே போய்விட்டது. நான் எடுக்க முடியுமா? அலுவலகத்தில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன். அவர் டேப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பிள்ளைக்கு நேர் எதிரே நின்று, "எங்கேர்ந்து சார் அளக்கணும்?" என்று என்னைக் கேட்டார். ஒரு பிள்ளை ஹூக் அறுந்துவிட்டது என்றது. ஒரு பிள்ளை, தன்னை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிடப் போகிறோம் என்று நினைத்து அழுதது. மற்ற இருவரும் சிரித்த முகமாக நின்றார்கள். அவ்வளவுதான்.

அதன் பிறகு குழுவிடம் சொன்னேன், பாதுகாப்பு அதிகாரியிடம் சொன்னேன். தூக்கம் போய்விட்டது எனக்கு. நாலாவது சனிக்கிழமை என்ன செய்தோம் தெரியுமா? யாரையும் விட்டுவிடக் கூடாது என்று, எழுபத்திரண்டு பிள்ளைகளையும் இதே கூடத்தில் வரிசையாக நிறுத்தினோம். புது உடைக்கு அளவு என்று சொன்னோம். பட்டியலை வைத்துக்கொண்டு நான்தான் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி. வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கேட்டது: "சார், டேப்பம்மா நாலு பேரைத்தானே கூப்பிடுவாங்க? நீங்க ஏன் எல்லாரையும் கூப்பிடறீங்க?"

"பேசாம நில்லு!" என்றேன்.

அந்தக் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்றுகூட நான் திரும்பிப் பார்க்கவில்லை. பட்டியலில் அடுத்த பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன். அது அந்தப் பிள்ளையா? அதனுடைய தோழனா, தோழியா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்ட வேறு பிள்ளையா? தெரியாது. அன்றைக்கு நாலே காலுக்குப் போன் அடிக்கவில்லை. போன சனிக்கிழமையும் அடிக்கவில்லை.

அதிகாரி அம்மா வந்து ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாகப் பேசினார். நல்ல மனுஷி, பொறுமையானவர். ஆசிரியர்களை விசாரித்தார், என்னையும் விசாரித்தார், விசாரிக்கத்தானே வேண்டும். முடிந்து போகும்போது, "உங்க பிள்ளைங்க எல்லாரும் ரொம்ப சந்தோஷமா இருக்காங்க சார், முகமே சொல்லுது" என்றார். நான் என்ன சொல்வேன்? அந்த முகத்தைச் செய்ததே நாங்கள்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? சொன்னேன். அவருக்கும் அதற்கு மேல் வழி தெரியவில்லை. தன் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார், அது வராந்தாவில் ஒட்டியிருக்கிறது.

தலைவர் அவர்கள் மன்னிக்க வேண்டும். எனக்கு முன் பேசியபோது, டேப்பம்மாவின் நினைவாக அந்தப் போனுக்கு மேலே ஒரு கேமரா வைக்கப்படும் என்று அறிவித்தீர்கள். கை தட்டினார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள், தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே பேச்சு வந்தபோது டேப்பம்மா என்ன சொன்னார் என்று குழுவின் குறிப்பேட்டில் இருக்கிறது, பாருங்கள். "கேமரா வச்சீங்கன்னா யார் அடிச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியும். ஆனா யாரும் அடிக்க மாட்டாங்க." எதைச் சொன்னார் என்று அன்றைக்கு எங்கள் யாருக்கும் புரியவில்லை. ஐயா, வேண்டாம். காலில் விழுந்து கேட்கிறேன், வேண்டாம்.

ஒருவேளை ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். ஒரு பிள்ளைக்கு உடை இறுக்கமாக இருக்கலாம், கூடப் படிக்கிற பிள்ளையோடு சண்டையாக இருக்கலாம். அப்படியே இருக்கட்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் மூன்று வாரத்துக்குள் இரண்டு தடவை, இல்லாத ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறதே. அந்தப் பிள்ளையை வருத்துவது வீட்டில் இருப்பவரா, பள்ளியில் இருப்பவரா, வழியில் பார்ப்பவரா, தெரியாது. இந்த அறையில் உட்கார்ந்து என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவராகவும் இருக்கலாம். நானாகவும் இருக்கலாம்! நான் கத்திய ஏதோ ஒரு சொல்லாக இருக்கலாம். இந்த இரண்டு வாரமாக வகுப்பில் கட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கால்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முன்பெல்லாம் ஒரு கால் தாளம் தப்பினால், "எங்கே இருக்கு மனசு?" என்று கத்துவேன். கேள்வி சரியான கேள்விதான். முப்பத்தோரு வருடத்தில் ஒரு தடவையாவது பதிலுக்காக நின்றேனா? இப்போது எல்லாக் கால்களும் எனக்குத் தப்பாகத் தெரிகின்றன. எது பயந்த கால், எது களைத்த கால் என்று பிரிக்கத் தெரியவில்லை. டேப்பம்மா, இன்னும் ஒரே ஒரு நாள் இருந்து சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

டேப்பம்மா காப்பாற்றிய ரகசியத்தை இவர் இப்படி மேடையில் போட்டு உடைக்கிறாரே என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. நேற்று வரை எனக்கும் மனசு ஒப்பவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு நான் வேறு எப்படிச் செய்தி சொல்வது? பெயர் தெரியாது, வயது தெரியாது, பையனா பெண்ணா என்றுகூடத் தெரியாது. எல்லோரையும் ஒன்றாகக் கூட்டி வைத்துச் சொன்னால்தான் அந்த ஒரு காதில் விழும். மேலும், இது வெளியே தெரிந்தாலும் கெட்டுப்போகாத ரகசியம். நாலு பேர் போவது எல்லோருக்கும் தெரியட்டும். நாலில் யார் என்பது தெரியப் போவதில்லை. இதைக் கேட்டு யாருக்காவது உள்ளுக்குள் பயம் வருகிறது என்றால், நன்றாக வரட்டும்.

இரங்கல் கூட்டத்தில், அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்வது வழக்கம். எந்த வாயால் சொல்வேன்? என்னால் முடிந்ததை மட்டும் சொல்கிறேன். டேப்பம்மாவின் மகள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவர். சனிக்கிழமைகளில் உடையறையில் வந்து உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார். அதிகாரி அம்மா நடத்தும் பயிற்சிக்கும் இந்த மாதமே போகிறார். "எனக்குத் தைக்கத் தெரியாது மாமா. ஆனா அம்மா எனக்கு அளவு எடுத்திருக்காங்க. எங்கே நிப்பாங்கன்னு தெரியும்" என்றார். அது போதும். அவர் வகுப்பு வாசலில் வந்து நாலு பேரைக் கேட்கும்போது நான் கட்டையைக் கீழே வைத்துவிட்டு அனுப்புவேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். பெற்றோர்களே, அந்த நாலில் உங்கள் பிள்ளை இருந்தால் வீட்டில் போய், "உன்னை எதுக்குக் கூப்பிட்டாங்க?" என்று துருவாதீர்கள். அளவு எடுத்தார்கள் என்று சொல்லும். நம்பிவிடுங்கள்.

என் பிள்ளையே, நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. உன்னிடம்தான் பேசுகிறேன். முதல் தடவை எடுத்தது என் தப்பு. கத்தியது என் தப்பு. எல்லோரையும் நிற்க வைத்து அளந்தது பெரிய தப்பு. உன் தப்பு இதில் எதுவும் இல்லை. நீ செய்தது சரி. டேப்பம்மா சொல்லிக் கொடுத்தபடி நீ சரியாகச் செய்தாய், நாங்கள்தான் தாளம் தப்பிவிட்டோம். உடையறைக்கு வரப்போகும் டேப்பம்மாவின் மகளிடம், அந்த அக்காவிடம் சொல்லலாம், பெரிய டீச்சரிடம் சொல்லலாம், சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணுக்குப் பேசலாம். எதுவும் முடியாவிட்டால் ஒரு ரிங் போதும்.

மணி நாலே காலாகப் போகிறது. இந்த இடத்தில் மறைந்தவருக்காக இரண்டு நிமிடம் மௌனமாக நிற்பது முறை. உங்கள் போன்களை அணைத்துக்கொள்ளுங்கள். படத்துக்கு முன்னால் இந்த மேசை மேல் இருக்கிறதே, பச்சை உறை போட்ட போன், இது அணையாது. சத்தத்தை முழுதாக வைத்திருக்கிறேன். வராந்தாக் கதவு திறந்திருக்கிறது. பிள்ளைகள் யார் வேண்டுமானாலும், எத்தனை பேர் வேண்டுமானாலும், எழுந்து தண்ணீர் குடிக்கப் போகலாம், வரலாம். பெரியவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மேடையில் இருப்பவர்களும்தான் தலைவரே. காலடிச் சத்தம் கேட்டால் யாருடையது என்று கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். எனக்கு எழுபத்திரண்டு பேரின் காலடியும் அத்துப்படி. ஆகவே நான் காதையும் பொத்திக்கொள்கிறேன். போன் அடித்தால் அவருடைய மகள் என் தோளைத் தொட்டுச் சொல்வார். நான் எடுக்க மாட்டேன்.

எல்லோரும் எழுந்து நில்லுங்கள். கண்ணை மூடுங்கள்.